முதலில் கறுப்பைப் பாருங்கள்

ஒரு டிவிக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று செலவிடத் துணிந்தவர் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்: எத்தனை இஞ்ச், எவ்வளவு பளிச்சென்று இருக்கும். விற்பனையாளரும் பளிச்சென்று இருப்பதைத்தான் காட்டுகிறார். சுவர் முழுக்க வரிசையாக மாட்டிய திரைகளில் கிளியும் மாம்பழமும் கடற்கரை நகரமும் மாறி மாறி ஓடுகின்றன. கடையின் விளக்கு வெளிச்சத்தில் எது அதிகம் கண்ணைப் பறிக்கிறதோ அதுவே நல்ல டிவி என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவை மாற்றிக்கொள்ளச் சொல்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. கூர்மையும் நிறமும் வெளிச்சமும் இன்று பாதி விலை டிவியிலேயே போதுமான அளவு கிடைத்துவிடுகின்றன. அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியவை வேறு இரண்டு. திரையில் எங்கே வெளிச்சம் வேண்டாமோ அங்கே அதை முழுதாக அணைக்கும் திறன் ஒன்று. அணைத்ததை நொடிப்பொழுதில் மீண்டும் ஏற்றும் வேகம் இன்னொன்று. சினிமா பார்க்கிறவருக்கு முதலாவது, கேம் ஆடுகிறவருக்கு இரண்டாவது என்று பிரித்துப் பேசுவது வழக்கம். இரண்டும் பேனலின் ஒரே குணத்திலிருந்து பிறப்பவை என்பதால் சினிமாவுக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று என இரண்டு டிவி தேட வேண்டியதில்லை. கறுப்பை நன்றாகக் காட்டும் டிவியை, அந்தக் கறுப்பைக் கெடுக்காத அறையில் வைத்தால் இரண்டு தேவையும் ஒன்றாக நிறைவேறும்.

காரணம் பேனல் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி என்று எந்தப் பெயரில் விற்றாலும் அவையெல்லாம் எல்சிடி டிவிகளே. பின்னால் விளக்கு எரிகிறது. முன்னால் உள்ள திரவப் படிகம் அந்த வெளிச்சத்துக்கு வழிவிட்டும் அதைத் தடுத்தும் படத்தை உண்டாக்குகிறது. ஜன்னல் கதவை எவ்வளவு இறுகச் சாத்தினாலும் இடுக்கில் வெயில் கசிவதுபோல், படிகம் மூடிய பிறகும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும். ஐபிஎஸ் வகைப் பேனலில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1000க்கு 1. விஏ வகையில் 3000 முதல் 6000 வரை போகும். இந்தக் கசிவைக் குறைக்கத்தான் பின்விளக்கைப் பல மண்டலங்களாகப் பிரித்து, இருட்டான பகுதியில் மட்டும் மங்கலாக்கும் முறை வந்தது. 2019இல் டிசிஎல் கொண்டுவந்த மினி எல்இடி டிவியும், 2021இல் சாம்சங், எல்ஜி நிறுவனங்கள் தொடர்ந்தவையும் மண்டலங்களின் எண்ணிக்கையை நூறுகளிலிருந்து ஆயிரங்களுக்கு உயர்த்தின. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். மண்டலங்கள் ஆயிரம் என்றால் ஒவ்வொரு மண்டலத்துக்கும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பிக்சல்கள். அவற்றுள் ஒன்றே ஒன்று நட்சத்திரமாக மின்ன வேண்டியிருந்தாலும் எட்டாயிரத்துக்கும் சேர்த்தே விளக்கு எரிய வேண்டும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. 2013இல் எல்ஜி 55 இஞ்ச் ஓஎல்இடி டிவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2022இல் குவாண்டம் டாட் சேர்த்த கியூடி ஓஎல்இடி பேனல்கள் சாம்சங், சோனி டிவிகளில் வந்தன. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: அணைந்த பிக்சலிலிருந்து வெளிச்சம் வராது.

இது வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், முதல் பதில் படம் தொடங்கும் முன்பே கிடைத்துவிடும். நம் சினிமாக்களில் பெரும்பாலானவை ஸ்கோப் வடிவில், 2.39க்கு 1 என்ற அகலத்தில் எடுக்கப்படுகின்றன. டிவியோ 16க்கு 9. ஆகவே மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வருகின்றன. இரண்டையும் சேர்த்தால் திரையில் கால்பங்கு. அந்தக் கால்பங்கு சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தால் இரண்டரை மணி நேரமும் கண்ணை உறுத்தும். உண்மையிலேயே கறுப்பாக இருந்தால் சட்டம் மறைந்து படம் மட்டும் நிற்கும். அடுத்தது, இருட்டில் நடக்கும் கதைகள். 2019 தீபாவளிக்கு வந்த லோகேஷ் கனகராஜின் 'கைதி' ஒரே இரவில் நடப்பது. லாரியின் முன்விளக்கு, காட்டுப் பாதை, நிழலில் பாதி மறைந்த முகம் இவைதாம் அதன் காட்சிமொழி. நிழலுக்குள் இன்னொரு நிழல் தனியாகத் தெரிந்தால்தான் ஒளிப்பதிவாளர் செய்த வேலை நம்மை வந்தடையும். மினி எல்இடியில் முன்விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் படரும். வட்டத்தை அடக்க மண்டலத்தை மங்கலாக்கினால் நிழலில் இருக்கும் விவரமும் சேர்ந்து அடங்கிவிடும். கொரியத் தொடரோ மலையாளப் படமோ சப்டைட்டிலோடு பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் நேரடியானது. இருட்டுக் காட்சியின் அடியில் வெள்ளை எழுத்து தோன்றும் ஒவ்வொரு முறையும் எழுத்தைச் சுற்றி ஒரு புகைமூட்டம் வந்து வந்து போகும்.

இருட்டுக் காட்சி சரியாகத் தெரியாததற்கு டிவி மட்டும்தான் காரணமா என்பது நேர்மையான கேள்வி. 2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் 'தி லாங் நைட்' பகுதி ஒளிபரப்பானபோது ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுவதும் ரசிகர்கள் புகார் செய்தார்கள். வேண்டுமென்றேதான் இருட்டாக எடுத்தோம், பலர் தங்கள் டிவியைச் சரியாக அமைக்கத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் பதில் சொன்னார். என் கருத்தில் இரு தரப்பும் பாதி சரி. இணையம் வழியாக வரும் படம் வெகுவாகச் சுருக்கப்பட்டே வருகிறது. 4கே பார்க்க நொடிக்கு 15 மெகாபிட் இணைப்பு இருந்தால் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். 2016இல் வந்த 4கே புளூரே வட்டோ நொடிக்கு 128 மெகாபிட் வரை தரக்கூடியது. சுருக்கும்போது முதலில் பலியாவது இருட்டுக்குள் இருக்கும் நுண்ணிய படிநிலைகள். வானத்திலும் புகையிலும் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிவது இதனால்தான். நல்ல ஓஎல்இடி இந்தக் குறையை மறைக்காது, இன்னும் தெளிவாகவே காட்டும். ஆகவே பேனலுக்கு அடுத்தபடியாகப் பணம் கொடுக்கத் தகுந்தது, இந்தப் பட்டைகளை மென்மையாக்கும் பிராசஸர். சோனி டிவிகள் ஒரே பேனலுக்குக் கூடுதல் விலை கேட்பதற்கு இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அதிகமும் ஓடிடியிலேயே படம் பார்க்கிறவர் அந்தக் கூடுதல் விலையைப் பற்றி யோசிக்கலாம். கேம்தான் முதன்மை என்றால் தேவையில்லை.

வெளிச்சத்தின் பக்கம் பேசுகிறவர்கள், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வீச்சை விரித்துக் காட்டும் எச்டிஆரைக் காட்டுவார்கள். எச்டிஆர் என்றால் வெளிச்சத்தை அளக்கும் நிட் கணக்கில் 2000, 3000 என்று பளீரிட வேண்டாமா, அது மினி எல்இடியில்தானே முடியும் என்பது அவர்கள் வாதம். எச்டிஆரின் அளவுகோல் 10,000 நிட் வரை எழுதப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் படத்துக்கு இறுதி நிறம் கொடுக்கும் கலைஞர்கள் எதைப் பார்த்து வேலை செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகள் ஸ்டுடியோக்களின் நம்பிக்கைக்குரிய திரையாக இருந்தது சோனியின் பிவிஎம் எக்ஸ்300. 30 இஞ்ச் ஓஎல்இடி, உச்ச வெளிச்சம் 1000 நிட். அதற்குப் பிறகு வந்த எச்எக்ஸ்310 எல்சிடி வகைதான். ஆனால் ஒரு படிகத் தட்டுக்குப் பின்னால் இன்னொரு தட்டை வைத்து ஒவ்வொரு பிக்சலிலும் ஒளியைக் கட்டுப்படுத்துவது. அதுவும் 1000 நிட்தான். தொழில்நுட்பம் மாறியபோதும் அவர்கள் விட்டுக்கொடுக்காதது பிக்சல் அளவிலான கறுப்பை. தவிர, எச்டிஆர் படத்திலும் பெரும்பாலான பரப்பு சாதாரணப் படத்தின் வெளிச்ச அளவிலேயே இருக்கும். தீப்பொறி, கண்ணின் மினுக்கம், உலோகத்தில் பட்ட வெயில் போன்ற சிறு இடங்களே மேலே எழும்பும். இருண்ட அறையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் எழும் 800 நிட், சாம்பலுக்குப் பக்கத்தில் எழும் 1500 நிட்டைவிடக் கண்ணுக்கு அதிக எழுச்சியாகத் தெரியும். கண் அளப்பது வேறுபாட்டைத்தான்.

இனி கேம். இங்கேதான் பலர் பேனலை மறந்து ஹெர்ட்ஸ் எண்ணிக்கையில் மயங்குகிறார்கள். பெட்டியில் 120 என்றும் 144 என்றும் எழுதியிருப்பது, டிவி நொடிக்கு எத்தனை முறை புதிய படத்தை ஏற்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. 120 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 8.3 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் பிக்சல் பழைய நிறத்தை விட்டுப் புதிய நிறத்துக்கு வந்து சேர வேண்டும். உயர்விலை மினி எல்இடி டிவிகளில் பெரும்பாலானவை விஏ பேனல் கொண்டவை. விஏ பேனலில் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவதுதான் மிக மந்தம். பத்து, இருபது மில்லி விநாடி பிடிக்கும். ஆக முந்தைய படம் முடியும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. இருட்டுக் குகையில் கேமராவைச் சட்டென்று திருப்பும்போது பொருள்களுக்குப் பின்னால் கறுப்பு இழுபட்டுக்கொண்டு வருவது அதனால்தான். ஓஎல்இடி பிக்சல் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாகவே மாறிவிடும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கன்ட்ரோலரில் பொத்தானை அழுத்தியது திரையில் தெரியும்வரை ஆகும் தாமதத்தைக் குறைக்க டிவிகள் கேம் மோடில் பல கணக்குகளைக் கைவிடுகின்றன. கேம் மோடு இல்லாமல் சில டிவிகளில் தாமதம் 100 மில்லி விநாடியைத் தாண்டும். கேம் மோடில் 10க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குப் பல மினி எல்இடி டிவிகள் கொடுக்கும் விலை மண்டல விளக்குகளின் நுட்பம். சினிமாவில் அடக்கமாக இருந்த ஒளிவட்டம் கேமில் பெரிதாகும். ஓஎல்இடிக்கு மண்டலக் கணக்கே இல்லாததால் கேம் மோடிலும் அதன் கறுப்பு அப்படியே இருக்கும்.

நான் ஆடும் கேம்கள் 120 ஃபிரேமில் ஓடுவதே இல்லை, 120 ஹெர்ட்ஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கன்சோல் கேம்களில் பெரும்பாலானவை 30 அல்லது 60இல்தான் ஓடுகின்றன என்பது சரியே. ஆனால் 2021இல் 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' கேமுக்கு 40 ஃபிரேம் முறை ஒன்று சேர்க்கப்பட்டது. 30இல் ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லி விநாடி, 60இல் 16.7, இவற்றின் நேர்நடு 25 மில்லி விநாடி, அதாவது 40 ஃபிரேம். பத்து ஃபிரேம் கூடியதிலேயே வேகத்தில் பாதித் தூரம் கடந்தாயிற்று, காட்சியின் தரமும் குறையவில்லை. 120ஐ 40 மிச்சமின்றி வகுக்கும், 60ஐ வகுக்காது. எனவே 120 ஹெர்ட்ஸ் டிவி இருப்பவருக்கே இந்த வசதி. பின்னர் வேறு கேம்களும் இதே வழியில் வந்தன. விஆர்ஆர் எனப்படும் மாறும் வேகமும் அவசியம். ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது டிவி அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 5க்கு அது 2022 ஏப்ரலில் கிடைத்தது, 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை. ஓஎல்இடியில் இதற்கு ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது: ஃபிரேம் வேகம் பெரிதாகத் தடுமாறும்போது அடர்சாம்பல் பகுதிகள் லேசாகத் துடிக்கும். லோடிங் திரைகளில் இதைப் பார்க்கலாம். உறுத்தினால் அந்தக் கேமுக்கு மட்டும் விஆர்ஆரை அணைத்துவிடுவதே வழி.

இந்த வசதிகளெல்லாம் கிடைக்குமா என்று அறிய, கன்சோலைச் செருகும் போர்ட்டில் உள்ள எச்டிஎம்ஐ 2.1 என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். 2017 நவம்பரில் வெளியான அந்த வரையறை நொடிக்கு 48 கிகாபிட் வரை இடமளிக்கிறது, முந்தைய 2.0இல் 18தான், 4கே 60 ஹெர்ட்ஸுக்கு அது போதும். ஆனால் 2.1இன் வசதிகள் பலவும் கட்டாயமல்ல, விருப்பத்தின்பாற்பட்டவை. அவற்றில் ஏதோ ஒன்று இருந்தாலே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். எனவே பெயரைக் கேட்காமல் வசதியைக் கேளுங்கள்: 4கே 120 ஹெர்ட்ஸ் எத்தனை போர்ட்டில், விஆர்ஆர் உண்டா, கேம் தொடங்கியதும் டிவி தானாகவே கேம் மோடுக்கு மாறும் ஏஎல்எல்எம் உண்டா. எல்ஜியின் சி வரிசையிலும் சாம்சங்கின் உயர்ரக ஓஎல்இடிகளிலும் நான்கு போர்ட்டுகளும் முழு வசதியோடு வருகின்றன. சோனியின் பல மாடல்களில் இரண்டுதான். அவற்றுள் ஒன்றே சவுண்ட்பாருக்கான இஆர்க் போர்ட். சவுண்ட்பாரைச் செருகியதும் மீதி ஒன்று. வீட்டில் பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் இருந்தால், அல்லது கம்ப்யூட்டரையும் இணைக்க எண்ணினால், இது வாங்கிய பிறகு தீராத தலைவலி. டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையும் இப்படியே: சாம்சங் டிவிகளில் அது கிடையாது, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேமிலும் அதைத் தருகிறது, பிளேஸ்டேஷன் 5 தருவதில்லை. ஓடிடியில் டால்பி விஷன் படங்களை விரும்பிப் பார்ப்பவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிளேஸ்டேஷன் மட்டும் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல.

ஓஎல்இடிக்கு எதிரான வாதங்களில் வலுவானது அறையைப் பற்றியது. நம் வீடுகளில் டிவி ஹாலில் இருக்கிறது. பகலில் ஜன்னல் திறந்திருக்கும், இரவில் ட்யூப்லைட் எரியும். முழுத்திரையும் வெளுப்பாகும்போது ஓஎல்இடி தன்னைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பகலில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தை வெயில் நிறைந்த ஹாலில் பார்ப்பதுதான் வீட்டின் முதன்மை வேலை என்றால் நல்ல மினி எல்இடியே சரி. அங்கே கறுப்பைப் பற்றிய என் வாதம் செல்லாது. ஆனால் இந்த அத்தியாயத்தின் வாசகர் படமும் கேமும் எனக் கேட்கிறார், அவை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு நடப்பவை. அந்த நேரத்து அறையை முதலில் சோதியுங்கள். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து, அணைந்து கிடக்கும் பழைய டிவியைப் பாருங்கள். அதில் ட்யூப்லைட்டின் நீள உருவம் தெரிகிறதா? எதிரே ஜன்னல் தெரிகிறதா? தெரிந்தால் எந்த டிவியின் கறுப்பும் அங்கே கெடும். ஓஎல்இடி வகைகளுக்குள்ளும் இதில் வேறுபாடு உண்டு. கியூடி ஓஎல்இடியில் வெளியொளியை விழுங்கும் போலரைசர் தகடு இல்லை. வெளிச்சம் பட்டால் அதன் கறுப்பு சாம்பலாகவோ ஊதா கலந்தோ மேலெழும். எல்ஜி தயாரிக்கும் வெள்ளை ஓஎல்இடி பேனல் அதே வெளிச்சத்திலும் கறுப்பைக் காத்துக்கொள்ளும். நிறச்செறிவில் முன்னது ஒரு படி மேல். எனவே இருட்டாக்கக்கூடிய அறைக்குக் கியூடி ஓஎல்இடி, விளக்கு எரியும் ஹாலுக்கு எல்ஜி பேனல். எதற்கும் முன்னால் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை ஒன்றும், டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி மங்கலான வெள்ளை விளக்கு ஒன்றும் வாங்குங்கள். சில ஆயிரத்தில் முடிகிற இந்தச் செலவு, மாடலில் ஒரு படி மேலே போவதைவிட அதிக பலன் தரும்.

இரண்டாவது வாதம் பர்ன்-இன், அதாவது ஒரே உருவம் நெடுநேரம் நின்று தழும்பாகப் பதிவது. அச்சம் பொய்யல்ல. கனடாவின் ஆர்டிங்ஸ் நிறுவனம் 2018இல் ஒரே மாடல் ஓஎல்இடி டிவிகள் ஆறை வாங்கி, நாளெல்லாம் வெவ்வேறு நிகழ்ச்சிகளை 9000 மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டது. செய்திச் சானல் ஓடிய டிவிகளில் தழும்பு விழுந்தது. கால்பந்து ஒளிபரப்பும் ஃபிஃபா 18 கேமும் ஓடியவற்றிலும் விழுந்தது. 'கால் ஆஃப் டூட்டி' ஓடியது தப்பியது. பலவகை நிகழ்ச்சிகளைப் பார்ப்பவர்களுக்கு இது பெரும்பாலும் வராது என்பதே அவர்கள் வந்த முடிவு. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. காலையிலிருந்து இரவு வரை செய்திச் சானலும் அதன் அடியில் ஓடும் பட்டையுமாக இருக்கும் வீட்டுக்கு, அல்லது ஒரே விளையாட்டை ஆண்டுக்கணக்கில் தினமும் ஆடுகிறவருக்கு ஓஎல்இடியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அதன் பிறகு வந்த பேனல்கள் மேலும் உறுதியானவை. ஆனால் நம் வீடுகளுக்கே உரிய ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சை அணைக்கிறோம். நான்கு மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்து ஸ்டேண்ட்பையில் இருக்கும்போதுதான் ஓஎல்இடி தன் பிக்சல்களைச் சமன்செய்துகொள்ளும் வேலையைச் செய்கிறது. சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது. இடி மின்னல் இல்லாத நாள்களில் சுவிட்ச் ஆனிலேயே இருக்கட்டும். வாரண்டி அட்டையில் பர்ன்-இன் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் வாங்கும் முன் படியுங்கள்.

மூன்றாவது வாதம் அளவு. 65 இஞ்ச் ஓஎல்இடி விலைக்கு 75 இஞ்ச் மினி எல்இடி கிடைக்கிறதே என்பார்கள். இதற்கு இஞ்ச் டேப்தான் பதில். திரை கண்ணில் ஏறக்குறைய 30 முதல் 40 பாகை அகலத்துக்கு விரிந்தால் சினிமா அனுபவம் கிடைக்கும் என்பது திரையரங்க வல்லுநர்கள் வகுத்த அளவு. 65 இஞ்ச் திரையின் அகலம் சுமார் 144 சென்டிமீட்டர். அதற்கு ஆறரை அடி முதல் ஒன்பது அடி வரை உட்காரலாம். 55 இஞ்சுக்கு ஐந்தரை முதல் ஏழரை, 77 இஞ்சுக்கு எட்டிலிருந்து பத்தரை. ஒன்பது அடிக்குள் உட்காருகிறவர் 65இல் எதையும் இழக்கவில்லை. பத்து இஞ்சுக்காகக் கறுப்பை விட்டுக்கொடுக்க வேண்டாம். சோஃபா பன்னிரண்டு அடி தள்ளி இருந்தால் நிலைமை வேறு: 65 இஞ்ச் அங்கே சின்னதுதான், 77 இஞ்ச் ஓஎல்இடிக்குப் பணம் இல்லையென்றால் 85 இஞ்ச் மினி எல்இடி நியாயமான தேர்வு, அல்லது சோஃபாவை முன்னால் நகர்த்துங்கள். பக்கவாட்டில் உட்காருகிறவர்களையும் எண்ணுங்கள். விஏ பேனல் ஓரத்திலிருந்து வெளிறும், ஓஎல்இடி அவ்வளவாக மாறாது. 8கே பற்றி ஒரே வரி போதும்: 65 இஞ்ச் 4கே திரையின் பிக்சல்களே நாலேகால் அடிக்கு அப்பால் சாதாரணக் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. விலையைக் குறைக்க வழி ஒன்று உண்டு. புதிய மாடல்கள் ஜனவரியில் அறிவிக்கப்பட்டுக் கோடையில் கடைக்கு வருகின்றன; அப்போது போன ஆண்டு ஓஎல்இடி நன்றாக இறங்கும், ஓராண்டு வித்தியாசத்தில் படத்தரம் பெரிதாக மாறுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டதால், பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேரம் பேசுகிறவரிடம் ஏமாறாதீர்கள்.

கடையில் கேட்க வேண்டியது இது: டெமோ வீடியோவை நிறுத்தி, ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றி, சப்டைட்டிலோடு ஓர் இரவுக் காட்சியைப் போடச் சொல்லுங்கள். ஸ்கோரசெசி, நோலன் போன்ற இயக்குநர்களின் ஆதரவோடு 2019இல் அறிவிக்கப்பட்ட அந்த மோடு, செயற்கை வழவழப்பையும் கூடுதல் கூர்மையையும் அணைத்துவிடும். ஒரு குறையும் அப்போது தெரியக்கூடும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்; ஓஎல்இடி அவ்வளவு வேகமாக மாறுவதால் ஒவ்வொரு ஃபிரேமும் 42 மில்லி விநாடி அசையாமல் நின்று, கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் சிறு தடுக்கலாகத் தோன்றும். பழகிவிடும், பழகாதவர்கள் மோஷன் அமைப்பை மிகக் குறைந்த படியில் வைத்தால் போதும், சீரியல் போன்ற வழுக்கல் வராது. வீட்டுக்கு வந்த அன்றே கன்சோல் செருகிய எச்டிஎம்ஐ போர்ட்டின் அமைப்பைத் திறந்து முழு சிக்னலையும் ஏற்கும்படி மாற்றுங்கள். பல டிவிகளில் இது அணைந்த நிலையில் வருகிறது. மாற்றாவிட்டால் 120 ஹெர்ட்ஸ் கிடைக்காது. டிவியில் கேம் எச்டிஆருக்கான எச்ஜிஐஜி என்ற தேர்வு இருந்தால் அதை வைத்துக்கொண்டு கன்சோலின் எச்டிஆர் அளவீட்டைச் செய்யுங்கள். கன்சோலோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். பின்பு விளக்கை அணைத்து, மிக அடர்ந்த சாம்பல் நிறப் படமொன்றை முழுத்திரையில் வைத்துப் பாருங்கள். நெடுக்குப் பட்டைகளோ ஒரு மூலையில் மட்டும் வேறு நிறமோ பளிச்சென்று தெரிந்தால், மாற்றித்தரும் கெடு முடிவதற்குள் கடைக்குச் சொல்லிவிடுங்கள். அதுவரை அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம்.